பதினைந்துக்கு வேண்டிய வேதியியல்

ஜனவரி 6, திங்கள்

அரையாண்டுத் தேர்வின் வேதியியல் விடைத்தாள் வந்தது. எழுபதுக்கு அறுபத்தெட்டு. ஒரு கணக்கில் அலகு எழுத மறந்ததற்கு இரண்டு மார்க் போய்விட்டது. மன்னிக்கத்தக்க தவறு அல்ல.

லூர்து டீச்சர் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தார். நன்றாகப் படிக்கும் ஒருத்தியிடம் ஐந்து பேர், குழுவுக்கு ஒரு மரம். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. எங்கள் பள்ளியில் மரங்கள் நான்குதான். ஐந்தாவது குழுவான எனக்குச் சைக்கிள் கொட்டகை கிடைத்தது. என் குழுவில் ஒரே ஒருத்தி இருந்தாள், மாரிக்கனி.

"அஞ்சு பேருன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"மாரிக்கனி ஒருத்தியே அஞ்சு பேருக்குச் சமம், ஆவுடை. கொண்டு போ."

மாரிக்கனி எங்கள் கோ-கோ அணியின் கேப்டன். ஜூன் முதல் நவம்பர் வரை மண்டலம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளி அவளை ஊர் ஊராக அனுப்பியது. பள்ளிக்கு ஒரு கேடயம் வந்தது. அது தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மாரிக்கனிக்கு வேதியியலில் முதல் ஒன்பது பாடங்கள் போயின. அரையாண்டில் அவள் மார்க் ஆறு.

கொட்டகையில் அவள் பையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, மொத்தம் எத்தன பாடம்?"

"பதினஞ்சு."

"பாஸாக எவ்வளவு வேணும்?"

"எழுத்துத் தேர்வுல பதினஞ்சு. மிச்சம் செய்முறையிலயும் அகமதிப்பீட்டுலயும் வந்துரும்."

"அப்பப் பாடத்துக்கு ஒரு மார்க் எடுத்தாப் போதும்லா. எதுக்கு இப்படி மூஞ்சிய வச்சிருக்க?"

கணக்குப்படி அவள் சொன்னது சரி. அதனால் மறுக்கவில்லை.


ஜனவரி 9, வியாழன்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மாரிக்கனிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறதாம். விடுதியும் சாப்பாடும் இலவசம். மே மாதம் மார்க் சீட்டோடு போக வேண்டும். ஒரு பாடம் போனாலும் இடம் வேறு ஆளுக்கு.

பின்தங்கியவர்களுக்கு என்று லூர்து டீச்சர் ஒரு மெல்லிய கையேடு தருகிறார். அதை மனப்பாடம் செய்தால் பாஸாகிவிடலாம் என்று சொல்கிறார்கள். நான் அதை மாரிக்கனிக்குக் கொடுக்கவில்லை. அடிப்படை புரியாமல் மனப்பாடம் செய்வது தவறு என்று விளக்கினேன்.

"நீ எப்படிட்டி படிச்ச?" என்று கேட்டாள்.

மனப்பாடம்தான். ஆனால் முழுப் புத்தகத்தையும்.


ஜனவரி 13, திங்கள்

போகி. அம்மா பரணைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். பிறகு அயனிச் சமநிலை.

மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களை ஒவ்வொரு நாளும் ஒன்றாக எடுத்துக்கொள்வது என் திட்டம். இன்று பி.ஹெச். அமிலம் வலுக்க வலுக்க பி.ஹெச். எண் ஏன் குறைகிறது? எதிர்க்குறி மடக்கை என்று மூன்று முறை விளக்கினேன். மாரிக்கனி சைக்கிள் பெல் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரேங்க் மாதிரின்னு சொல்லு," என்றாள்.

"என்ன ரேங்க்?"

"மார்க் கூடக் கூட ரேங்க் நம்பர் குறையும்லா. நீ ஒண்ணு, நான் இருபத்தி ஆறு. ஒண்ணுதான கூட? அமிலமும் அப்படித்தான். ஒண்ணுன்னா பயங்கரமான அமிலம்."

இது பாடநூலில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.


ஜனவரி 21, செவ்வாய்

பொங்கல் விடுமுறை முடிந்தது. அணைவுச் சேர்மங்கள். கோபால்ட்டோடு எத்திலீன் டைஅமீன், சுருக்கமாக 'என்', மூலக்கூறுகள் மூன்று சேர்ந்திருந்தால் அணைவு எண் எவ்வளவு? மாரிக்கனி மூன்று என்றாள். எல்லாரும் இங்கேதான் விழுவார்கள். விடை ஆறு, ஏனென்றால் ஒவ்வொரு 'என்'னும் இரண்டு இடங்களில் பிணைகிறது.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் எடுத்து ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரில் வைத்தாள்.

"ஆள எண்ணக் கூடாது, பிடிச்சிருக்கிற கைய எண்ணணும். அவ்வளவுதான?"

அவ்வளவுதான்.

அடுத்து வேகவியல். ஒரு வினை பல படிகளில் நடந்தால், மிக மெதுவான படிதான் மொத்த வேகத்தையும் முடிவு செய்யும் என்றேன். அவள் இதற்கு யோசிக்கவே இல்லை.

"எங்க டீம்ல ஜெபா இருக்கால்லா? எட்டுப் பேரு பறந்தாலும், கோ குடுத்த பொறவு அவ எந்திரிக்கிற வேகம்தான் மொத்த டீமுக்கும் வேகம். மாநிலத்துல அதனாலதான் பைனல் போகல."

"இதப் பரீட்சையில எழுதக் கூடாது," என்று எச்சரித்தேன்.

"ஜெபா பேர எழுத மாட்டேன். பாவம்."

ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து கொட்டகையைப் பூட்ட வேண்டும் என்றார். ஆறரை வரை பூட்டவில்லை. இன்று என் சொந்தப் பாடத்தைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை.


ஜனவரி 31, வெள்ளி

முதல் திருப்புதல் தேர்வு. மாரிக்கனி பதினொன்று. நான் அறுபத்து மூன்று.

அப்பா விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு மார்க் எங்க போச்சு?"

கொட்டகைக்குப் போயிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.


பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

மூன்றாவது பீரியடில் என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மாரிக்கனியும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். அவள் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறார். கையில் நார் சுற்றியபடியே வந்திருந்தார். லூர்து டீச்சர் ஜன்னல் பக்கம் நின்றார்.

தலைமையாசிரியர் நல்ல குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். போன வருடம் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி. இந்த வருடமும் வந்தால் பாராட்டு விழா நடக்கும். ஒரு பிள்ளை தவறினாலும் நூறு போய்விடும். ஆனால் தேர்வுக்கே வராத பிள்ளையைச் சதவீதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

"நான் வேண்டாம்னு சொல்லலம்மா. வேதியியல் அன்னைக்கு மட்டும் உடம்பு சரியில்லன்னு வீட்டுல இருக்கட்டும். துணைத் தேர்வுல நிதானமா எழுதலாம். ஃபெயிலுன்னு பேப்பர்ல வந்தா உங்களுக்கும் அசிங்கம்தான?"

"காலேஜுல மே மாசமே கேக்காவளே டீச்சர்," என்றார் மாரிக்கனியின் அம்மா.

"பாஸானாத்தானம்மா காலேஜு." பிறகு என்னைப் பார்த்தார். "ஆவுடைச்செல்விதான் ஒரு மாசமா இவளுக்குச் சொல்லிக் குடுக்கிறா. பொய் சொல்லாத பிள்ளை. ஏம்மா, இவ பதினஞ்சு எடுப்பாளா?"

எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. யாரும் என்னிடம் இப்படிக் கருத்துக் கேட்டதில்லை. மாரிக்கனிக்கு உறுதியாகத் தெரியும் பாடங்கள், பாதி தெரிந்தவை, ஒரு மார்க் கேள்விகளில் சராசரி எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டினேன்.

"இன்றைய நிலையில் பதிமூன்று, டீச்சர்," என்றேன்.

அடுத்து, பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு மார்க் வீதம் கூடுகிறாள், ஆகவே தாண்டிவிடுவாள் என்று சொல்வதாக இருந்தேன். அதற்குள் பெல் அடித்தது. மாரிக்கனியின் அம்மா தலையாட்டிவிட்டார். லூர்து டீச்சர் இன்னும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பதில் துல்லியமானது. வீட்டுக்கு வந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். பதிமூன்றுதான் வருகிறது.

இரவுச் சாப்பாடு தோசை. ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன்.


பிப்ரவரி 5, புதன்

மாரிக்கனி கொட்டகைக்கு வரவில்லை.


பிப்ரவரி 6, வியாழன்

வரவில்லை. மின்வேதியியலை நானே சத்தமாக விளக்கிப் பார்த்தேன். சைக்கிள்களுக்கு அதில் ஆர்வம் இல்லை.


பிப்ரவரி 12, புதன்

வேதியியல் செய்முறைத் தேர்வு. எனக்கும் மாரிக்கனிக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். அவள் என்னைப் பார்க்கவில்லை.

தரம்பார்த்தல். பியூரெட்டில் பெர்மாங்கனேட். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரே ஒரு சொட்டில் கரைசல் வெளிறிய இளஞ்சிவப்பாகி நிற்கும் கணத்தில் நிறுத்த வேண்டும். எனக்குக் கோட்பாடு முழுவதும் தெரியும். என் குடுவை முதல் முறை கத்தரிப்பூ நிறம். இரண்டாம் முறை இன்னும் நல்ல கத்தரிப்பூ.

மாரிக்கனியின் குடுவைகள் இரண்டும் ரோஜா இதழின் அடிப்பக்கம் போல இருந்தன. இரண்டு அளவீடும் ஒன்று.

மூன்றாம் முறை நான் பியூரெட்டின் திருகில் கை வைத்தபோது, என் பக்கம் திரும்பாமலே, "அவசரப்படாத. மூச்ச விட்டுட்டு விடு," என்றாள்.

இளஞ்சிவப்பு வந்தது. நன்றி சொல்லத் திரும்பியபோது அவள் கை கழுவப் போய்விட்டாள்.

வேறு எதுவும் பேசவில்லை. செய்முறையில் பேசுவதும் கூடாதுதான்.


பிப்ரவரி 16, ஞாயிறு

நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நூலகம் அந்த வழியில்தான் இருக்கிறது.

மாரிக்கனியின் அம்மா தென்காசி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மாரிக்கனி பக்கத்தில் பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேகமாகத் தொடுத்தாள்.

"வா தாயி. பூ வேணுமா?"

"இல்ல அத்தை. அன்னைக்கு நான் ரெண்டு வாக்கியம் சொல்ல இருந்தேன். ஒண்ணத்தான் சொன்னேன். ரெண்டாவத இப்பச் சொல்ல வந்திருக்கேன்."

சொன்னேன். வாரத்துக்கு ஒரு மார்க் என்ற கணக்கையும் சொன்னேன். அவர் நாரை எச்சில் தொட்டு முறுக்கினார்.

"நீதானம்மா பதிமூணுன்ன?"

"அது பிப்ரவரி நாலாம் தேதி நிலவரம்."

"எப்பவோ கூடும்னு இப்பச் சொல்லுத. பூவுன்னா நான் முழம் போட்டுக் காட்டுவேன். நீ சொல்லுதத எத வச்சு அளக்க?"

நியாயமான கேள்வி. பையிலிருந்து பாடநூலை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "நீங்களே கேளுங்க அத்தை. எங்க வேணும்னாலும் திறங்க. பத்துக் கேள்வி."

"எனக்கு எட்டாங்கிளாசுத் தமிழுதான் தெரியும்."

"கேள்வியும் தமிழ்லதான் இருக்கு."

மாரிக்கனி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "ஏட்டி, இங்க வச்சா? அசிங்கமா இருக்கு, நீ போ."

"ஏன், ஃபெயிலாவோம்னு பயமா?" என்றார் அவள் அம்மா. அதன் பிறகு மாரிக்கனி பூவைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், கோ-கோ ஆட்டத்தில் உட்காருவது போல.

அவள் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, புத்தகத்தை நடுவில் திறந்து எழுத்துக் கூட்டினார். "முதல்... வகை... வினையின்... அரை... வாழ்... காலம்... என்னளா இது, யாரு வாழ்க்கை பாதில போச்சு?"

"இருந்தது பாதியா ஆகிற நேரம்மா. முதல் வகை வினைக்கு ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சுங்கிறது கணக்கில்ல. பத்துக் கூடைன்னாலும் ரெண்டு கூடைன்னாலும் பாதியாக அதே நேரம்தான் ஆவும்."

"அது எப்படி? கூட வச்சிருந்தா அடிப்பூ சீக்கிரம் அழுகும்லா?"

"அது வெப்பத்தால, அத்தை," என்று நான் குறுக்கிட்டேன். "வெப்பநிலை மாறாம இருந்தா..."

"நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்."

சும்மா இருந்தேன். இது எனக்குச் சுலபம் அல்ல.

ஒரு கண்டக்டர் வந்து சாமி படத்துக்கு ஒரு சரம் கேட்டார். சரத்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். அணைவு எண் கேள்வி வந்தது. மாரிக்கனி கையை எண்ண வேண்டும் என்று விளக்கினாள். "எங்க வண்டியிலயும் அப்படித்தான். ஆளு நாப்பது, தொங்குத கை எண்பது," என்றார் கண்டக்டர். டிரைவர் ஹார்ன் அடித்தார். கண்டக்டர் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் ஓடினார்.

பத்தில் ஏழு சரி. எட்டாவதை மாரிக்கனி பாதி சொன்னாள். நான் பாதி மார்க் போட்டேன்.

அவள் அம்மா புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார். அட்டையில் ஒரு பிச்சி இதழ் ஒட்டியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா முழிக்காமச் சொல்லுதா." மகளைப் பார்த்தார். "அந்த டீச்சர்ட்ட நான் சரின்னுல்லா தலைய ஆட்டிட்டு வந்தேன்."

"எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா அத்தை?"

"இல்லையே."

"அப்ப அவங்க தடுக்க முடியாது."

அவர் ஒரு முழம் பிச்சியை அளந்து நறுக்கி என் தலையில் வைத்தார். வீட்டில், நூலகத்தில் யார் பூ வைத்தது என்று கேட்டார்கள்.


பிப்ரவரி 17, திங்கள்

காலை எட்டு மணிக்கு மாரிக்கனி கொட்டகையில் இருந்தாள்.

"அன்னைக்கு நீ பதினஞ்சுன்னு சொல்லிருக்கலாம்லா?"

"எனக்குப் பதிமூணுதான் வந்துச்சு."

"வந்துச்சு, சரி. சொல்லணுமா?"

"கேட்டாங்க. சரியான விடையச் சொன்னேன்."

"அந்த ரூம்புல சரியான விடைக்கு யாருட்டி மார்க் போட்டா?"

பாடத்தில் இல்லாத கேள்வி என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"சரி, அந்த மிச்சம் ரெண்டு மார்க் எந்தப் பக்கத்துல கெடக்கு? காட்டு."

லூர்து டீச்சரின் மெல்லிய கையேட்டை அவளுக்குக் கொடுத்தேன். அதில் நல்ல கேள்விகள் பல இருக்கின்றன.


பிப்ரவரி 26, புதன்

ஆல்டிஹைடுக்கும் கீட்டோனுக்கும் வேறுபாடு. டாலன்ஸ் சோதனை. ஆல்டிஹைடு வெள்ளி ஆடி (குழாய்க்குள் கண்ணாடி போல ஒரு பூச்சு) தரும், கீட்டோன் தராது. மாரிக்கனி தொடர்ந்து ஐந்து முறை மாற்றிச் சொன்னாள். ஆறாவது முறையும் மாற்றிச் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் என்னவோ கண்ணில் விழுந்தது. கொட்டகையில் தூசி அதிகம்.

நாளைக்கு மறுபடியும் டாலன்ஸ்.


மார்ச் 3, திங்கள்

பொதுத்தேர்வு தொடங்கியது. தமிழ். எளிது.


மார்ச் 20, வியாழன்

நாளை வேதியியல். லூர்து டீச்சர் கடைசியாகப் பேசினார். எல்லாரையும் தண்ணீர் பாட்டில் கொண்டுவரச் சொன்னார். மாரிக்கனியின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்வி எண்ணையும் ஓரத்தில் தெளிவாக எழுத வேண்டும், விடை தெரியாவிட்டாலும் சமன்பாட்டை எழுத வேண்டும், ஒரு மார்க் கேள்வி எதையும் விடக் கூடாது என்று அவளைப் பார்த்தே சொன்னார்.


மார்ச் 21, வெள்ளி

கேட்டில் தலைமையாசிரியர் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வாழ்த்துச் சொன்னார். மாரிக்கனி வந்தபோது வாழ்த்து நின்றது.

"உனக்கு உடம்பு சரியில்லல்ல?"

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

"அம்மாட்டப் பேசினோமே."

"அம்மாதான் கொண்டாந்து விட்டாவ." கைகாட்டினாள். எதிர்ப்புறம் அவள் அம்மா பூக்கூடையோடு நின்றிருந்தார். கையைத் தூக்கி ஆட்டினார்.

தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லூர்து டீச்சர் பின்னாலிருந்து வந்து மாரிக்கனியின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். "மணி அடிச்சிட்டு, என்ன பராக்கு? ஓடு, ஓடு."

மணி இன்னும் அடிக்கவில்லை. நான் இதைக் குறிப்பிடவில்லை.

தேர்வறையில் மாரிக்கனி எனக்கு இரண்டு வரிசை முன்னால். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கேள்வித்தாள் நடுத்தரம். முதல் கால்மணி நேரம் அவள் முதுகு அசையவில்லை. நான் என் தாளைப் பார்த்து எழுத வேண்டும் என்று எனக்கே நினைவூட்டிக்கொண்டேன். பிறகு அவள் முழங்கை அசையத் தொடங்கியது.

கடைசி அரைமணியில் ஒரு நாற்காலி தரையில் உரசும் சத்தம். மாரிக்கனி எழுந்து நின்றாள்.

"சார், கூடுதல் தாள்."

அறை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. வராந்தாவில் சுற்றிவந்த தலைமையாசிரியரும் ஜன்னலருகே நின்றார். எங்கள் அறையில் அதுவரை யாரும் கூடுதல் தாள் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன எழுதின, தாளே பத்தாம?"

"ஒவ்வொரு பதிலும் புதுப் பக்கத்துல ஆரம்பிக்கணும்னு நீதான சொன்ன? ஒரு மார்க்குக்கும் அப்படியே செஞ்சுட்டேன்."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேள்வித்தாளை விரித்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாலன்ஸை மாற்றித்தான் எழுதியிருக்கிறாள். கண்டிப்பாகக் கிடைப்பது, கிடைக்கலாம் என்பது இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினேன். பிறகு தாளை மடித்தேன்.

"எவ்வளவுட்டி?"

"பாஸ்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"பாஸ்னு சொன்னேன்லா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, பசிக்கிறது, அம்மா சோறு கட்டி வைத்திருப்பாள், நீயும் வா என்றாள். போனேன். சாம்பார் சாதம், அப்பளம்.

என் கணக்கில் பதினேழு. "கிடைக்கலாம்" எதுவும் கிடைக்காவிட்டால் பதினான்கு.


மே 8, வியாழன்

காலை ஒன்பதரைக்கு முடிவுகள் வந்தன. பஸ் ஸ்டாண்டில் மாரிக்கனி அம்மாவின் போனில் பார்த்தோம். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அவர் மூன்று பேருக்குப் பூ விற்றார். மூன்று பேரிடமும் காசு வாங்க மறந்தார்.

மாரிக்கனி எல்லாப் பாடத்திலும் பாஸ். வேதியியல் எழுத்துத் தேர்வு, இருபத்தொன்று.

எனக்கு அறுபத்தொன்பது. அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

பள்ளிக்கு நூறு சதவீதம் வரவில்லை. வணிகவியல் பிரிவில் ஒரு பிள்ளை தமிழில் போய்விட்டது. அந்தப் பிள்ளையை யாரும் சந்தேகப்பட்டிருக்கவில்லை.

மாரிக்கனிக்குத் திங்கட்கிழமை கல்லூரியில் சேர்க்கை. அவள் அம்மா எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் இருபத்தொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவுக்கு என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேள்வித்தாளை எடுத்து வைத்து மறுபடி கூட்டினேன். பதினேழுதான் வருகிறது. நான்கு மார்க் அதிகம். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து எங்கே என்று பார்க்கலாம் என்று மாரிக்கனியிடம் சொன்னேன்.

"ஏட்டி, கூட வந்தத யாராவது போய்த் தோண்டுவாங்களா? கொறச்சிரப் போறானுவ. வாய மூடிக்கிட்டு அல்வா தின்னு."

தின்றேன். மூன்று முறை கூட்டியாகிவிட்டது. எங்கே தவறினேன் என்று இன்னும் தெரியவில்லை.